அக்கா செய்த கேம் பெட்டி

நான் வேலை பார்க்கும் ரிசார்ட்டில் அந்தக் கேம் பெட்டியைச் செய்தவன் நான்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். நான் மறுக்கவில்லை. பாதி வேலை என்னுடையதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் உண்டு. பாதிகூட இல்லை. ஒயர் வேலையும் கம்ப்யூட்டர் வேலையும் என்னுடையவை. மற்றதெல்லாம் அக்காவுடையது. பெட்டி எவ்வளவு உயரம் நிற்க வேண்டும், மணிக்கட்டு எங்கே படிய வேண்டும், பொத்தான் எவ்வளவு அழுந்த வேண்டும் என்பதெல்லாம் அவள் கைக்குத்தான் தெரிந்திருந்தது.

சின்னக்கானலில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், அக்காவும் நானும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அப்பா, அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். அக்கா கல்யாணமாகி மூன்றாம் வருஷமே திரும்பி வந்தவள். ஏன் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, நானும் இங்கே எழுதப்போவதில்லை. அவள் கொழுந்தெடுக்கிறாள், நிரந்தரத் தொழிலாளி. அதனால் லயத்து வீடு அவள் பேரில் இருக்கிறது. நான் பக்கத்து ரிசார்ட்டில் எலக்ட்ரீஷியன். பதினொரு வருஷமாகக் கான்ட்ராக்டில் ஓடுகிறேன். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி அதுதான்: "பெர்மனன்டா?" இல்லை என்றதும் காப்பித் தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். முப்பத்தெட்டு வயசாகிவிட்டது. அக்காவின் கூரைக்குக் கீழேதான் தூங்குகிறேன்.

சின்ன வயசில் மே மாச லீவுக்கு எங்களைப் போடியில் சித்தி வீட்டுக்கு அனுப்புவார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. ஆள் உயரத்தில் நாலு பெட்டிகள். அக்காவுக்கு அப்போது பன்னிரண்டு வயசு, எனக்கு எட்டு. தலையில் எண்ணெய் வழிய, ரெட்டைச் சடையோடு அவள் அங்கே நின்று விமானத்தை ஓட்டுவாள். மேலேயிருந்து குண்டு மழையாய்க் கொட்டும். அவள் விமானம் அதற்கிடையில் வழுக்கிக்கொண்டு போகும். பையன்கள் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு அவளைச் சுற்றி நிற்பார்கள். கடைக்காரர் ஒருநாள், "பாப்பா, நீ ஒரு காசுல இம்புட்டு நேரம் ஆடுனா நான் கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்" என்றார். திட்டுவதுபோலத்தான் சொன்னார், முகம் மட்டும் சிரித்தது.

அடுத்த வருஷ லீவுக்குள் அவள் பெரிய மனுஷியாகிவிட்டாள். "பொம்பளப் பிள்ளைக்கு அங்க என்ன சோலி?" என்று சித்தி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அதன் பிறகு நான் மட்டும் போனேன். போவதற்கு முன் அக்கா என்னை வாசலில் நிறுத்திச் சொல்லிக்கொடுப்பாள். "மூணாவது ரவுண்டுல இடப்பக்க மூலையில நில்லு. அங்க குண்டு விழாது. பெரிய பிளேன் வந்ததும் நடுவுல வா." அவள் சொன்னபடி ஆடி நான் ஜெயிப்பேன். பையன்கள் என் முதுகில் தட்டுவார்கள். யார் சொல்லிக்கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பெட்டி செய்யும் எண்ணம் நாலைந்து வருஷத்துக்கு முன் வந்தது. ரிசார்ட் ஆபீசில் கம்ப்யூட்டர்களை மாற்றினார்கள். கழித்துப் போட்டதில் ஒன்றையும், சதுரமான பழைய மானிட்டர் ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். பழைய கடைப் பெட்டிகளில் ஓடிய விளையாட்டுகளை இப்போது கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம் என்று எங்கோ பார்த்திருந்தேன். இரண்டு நாள் மெனக்கெட்டு அந்த விமான விளையாட்டைப் பிடித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

திரையில் விமானம் வந்ததும் அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கீபோர்டில் நாலு தட்டுத் தட்டினாள். முதல் ரவுண்டிலேயே விமானம் வெடித்தது. மறுபடி ஆடினாள், மறுபடி வெடித்தது.

"இது அது இல்லடா" என்றாள். "உக்காந்துக்கிட்டு டைப்பு அடிக்கிற மாதிரி இருக்கு. அது நின்னுக்கிட்டு ஆடுறது. கைக்குள்ள ஸ்டிக்கு இருக்கணும்."

"அப்ப பெட்டியே செஞ்சிரலாம்க்கா" என்று விளையாட்டாகச் சொன்னேன்.

அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் வேலை விட்டு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாங்கிய ஃபிரிட்ஜின் அட்டைப் பெட்டியைக் கேட்டு வாங்கிவந்து, தரையில் விரித்து, அடுப்புக் கரியால் பக்கவாட்டு வடிவத்தை வரைந்தாள். மேலே முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் நெற்றி, உள்ளே சாய்ந்த திரை, வெளியே தள்ளிய பலகை, கீழே கால் வைக்க உள்வாங்கின இடம். இருபத்தைந்து வருஷமாக அவள் அந்தப் பக்கம் போகவில்லை. வரைந்த கோட்டில் ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை.

நெட்டில் அளவோடு படங்கள் கிடைக்கின்றன என்று போனில் எடுத்துக் காட்டினேன். அவள் கேட்கவில்லை. அட்டையை வெட்டி நிமிர்த்தி நிறுத்தினால் அவள் இடுப்புக்குக் கீழே வந்தது பலகை. 

"நான் அப்ப இம்புட்டு உயரந்தான இருந்தேன்" என்றாள். "எல்லாத்தையும் ஒரு சாண் ஒசத்தணும்."

ரிசார்ட்டில் பழைய அலமாரிகளை உடைத்துப் போட்டிருந்தார்கள். அந்தக் கதவுகளின் பிளைவுட்டை ஜீப்பில் கொண்டுவந்தேன். அந்த வருஷம் மழை விடவேயில்லை. ஞாயிறு தவறாமல் வீட்டுக்குள்ளேயே வேலை நடந்தது. நான் மெஷினால் அறுப்பேன், அக்கா உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாள். அவள் வலது மணிக்கட்டு எப்போதும் கொஞ்சம் வீங்கியிருக்கும். கையால் கொழுந்து கிள்ளிய காலம் போய், கத்தரி வைத்து வெட்டும் வேலை வந்ததிலிருந்து அப்படித்தான். தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுக்கும் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வந்து உட்காருவாள். கை படியும் பலகை எவ்வளவு சாய வேண்டும் என்று கண்டுபிடிக்க, அதன் அடியில் சீட்டுக்கட்டு அட்டைகளை ஒவ்வொன்றாகச் சொருகி, மணிக்கட்டை வைத்து வைத்துப் பார்த்தாள். எந்த இடத்தில் வலி குறைகிறதோ அங்கே நிறுத்தினாள்.

ஸ்டிக்கையும் பொத்தான்களையும் ஆர்டர் போட்டு வரவழைத்தேன். ஆறு பொத்தான் வைக்கலாம் என்றேன். "ரெண்டு போதும். ஒண்ணு சுட, ஒண்ணு குண்டு போட. மத்ததெல்லாம் எதுக்கு?" என்றாள். நான் ஒயர் இணைத்து முடித்து ஓட்டியபோது ஸ்டிக்கை மேலே தள்ளினால் விமானம் கீழே போனது. மேல் கீழ் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அக்கா அன்றைக்குச் சிரித்த சிரிப்பை அதற்கு முன் எப்போது கேட்டேன் என்று எனக்கு ஞாபகமில்லை. "ரிசார்ட்ல லைட்டு எப்படிடா எரியுது?" என்றாள்.

கறுப்புப் பெயின்ட் அவள் அடித்தாள். நெற்றியில் பொருத்தும் கண்ணாடித் தகட்டில், பூப்பாறையில் வாங்கிய எனாமல் பெயின்டால் ஒரு படம் வரைந்தாள். தேயிலை மலைக்கு மேலே சிவப்பு விமானம் ஒன்று சாய்ந்து திரும்புகிறது. பின்னால் பல்பு எரிந்தால் விமானம் மட்டும் தகதகவென்று இருக்கும். நான் ஒரு பழைய ஜீப்பிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரைப் பொருத்தினேன்.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை லயத்துப் பெண்கள் எல்லோரும் வாசலில் கூடிவிட்டார்கள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். நாலு ரவுண்டு தாண்டினாள். கூட்டம் சேர்ந்து கத்தியது. அதன் பிறகு சாயங்காலம் நாலரை மணிக்கு வேலை விட்டதும் எங்கள் வீட்டில் கூட்டம்தான். வேலையில் மழைக்குக் கட்டும் பிளாஸ்டிக் படுதாவை முதுகில் கட்டியபடியே வந்து நின்று ஆடுவார்கள். மூன்றாவது ரவுண்டில் எங்கே நிற்க வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொண்டிருப்பாள். பொதுவாக வாயைத் திறக்காதவள், அந்த ரெண்டு மாசமும் பேசிக்கொண்டே இருந்தாள்.

நான்தான் அதைக் கெடுத்தேன்.

ரிசார்ட் மேனேஜர் நல்ல மனுஷர். எர்ணாகுளம் பக்கத்துக்காரர். எங்களோடு பேசும்போது தமிழும் மலையாளமுமாகக் கலந்து பேசுவார். ஒருநாள் அவர் போனில் ஏதோ சரிசெய்து கொடுக்கும்போது என் போனில் இருந்த பெட்டியின் போட்டோவையும் காட்டினேன். காட்ட வேண்டும் என்று அவசியமே இல்லை. பெருமைக்குத்தான் காட்டினேன்.

"எடோ, இது நீ செஞ்சதா?" என்றார்.

"ஆமா சார்."

அந்த ஒரு வார்த்தை போதும் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வதும் சரியில்லை. 'நானும் அக்காவும்' என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவர் என் தோளில் கையைப் போட்டுவிட்டார். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு மேனேஜர் என் தோளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"கொள்ளாமல்லோ, நல்லாருக்கே! நம்ம லாபியில பழைய காலத்து ஸ்டைல்ல ஒரு மூலை ரெடி பண்றோம். இத அங்க வெச்சா கெஸ்ட்டெல்லாம் அசந்து போவாங்க. கிறிஸ்துமஸ் சீசனுக்குக் கொண்டு வா. பெர்மனன்ட் லிஸ்ட் போடறதுக்கு மேல எழுதறேன், அதுல உன் பேரையும் சேக்கறேன், கேட்டோ."

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எத்தன நாளைக்கு?"

"ஒரு மாசந்தான்க்கா. சீசன் முடிஞ்சதும் கொண்டாந்திருவேன்."

"அங்க யாரு செஞ்சதுன்னு கேட்டா?"

"நீ செஞ்சதுன்னு சொல்லுவேன்."

அவள் மறுநாள் காலையில் ஈரத்துணியால் பெட்டியைத் துடைத்து, ஸ்டிக்கைச் சுற்றிப் பழைய துண்டைக் கட்டி, ஜீப்பில் ஏற்ற ஒரு பக்கம் தூக்கியும் கொடுத்தாள்.

ரிசார்ட்டில் அந்த மூலைக்கு அலங்காரம் செய்ய வெளியூரிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். சிவப்பு விமானப் படம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. இங்கிலீஷில் பெரிய எழுத்துப் போட்ட ஒரு ஷீட்டைப் பிரின்ட் எடுத்து வந்திருந்தார்கள். அக்கா வரைந்த தகட்டை ஸ்குரூடிரைவரால் நெம்பியபோது அது மூன்று துண்டாக உடைந்தது. துண்டுகளைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டவன் நான். அதை அவளிடம் சொல்லவில்லை.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு போர்டு மாட்டினார்கள். யூனிஃபார்மில் நான் சிரித்துக்கொண்டிருக்கும் போட்டோ. கீழே இங்கிலீஷில் எழுதியிருந்தது: எங்கள் சொந்த டெக்னீஷியன் தன் கையால் உருவாக்கியது. கெஸ்ட்டுகள் என்னோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். பல பேர், "எப்படி இந்த அளவெல்லாம் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்கள். "சின்ன வயசுல ஆடினது சார், மனசுல இருந்துச்சு" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். நாலைந்து தடவை சொன்ன பிறகு அது உண்மைபோலவே ஆகிவிட்டது.

கிறிஸ்துமஸ் போனது. பொங்கல் போனது. "எப்படா வரும்?" என்று அக்கா கேட்டாள். லிஸ்ட் வரட்டும் என்றேன். மாசியில் இன்னொரு தடவை கேட்டாள். இப்போது திருப்பிக் கேட்டால் மேனேஜர் என்ன நினைப்பார் என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. சாயங்காலம் வரும் பெண்களிடம், "தம்பி ஆபீசுக்குத் தேவப்பட்டுச்சு" என்று சொல்லி அனுப்பிவிட்டாள் என்று பின்னால் தெரிந்தது.

சித்திரை மாசம் ரிசார்ட்டில் ஒரு பெரிய கல்யாணம். வேலைக்கு ஆள் போதாமல், லயத்துப் பெண்களை ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கூலிக்குக் கூட்டி வந்தார்கள். அக்காவும் வந்திருந்தாள். எனக்குத் தெரியாது. பகல் பதினொரு மணி இருக்கும். கல்யாணக் கூட்டம் முழுக்கப் புல்வெளியில் இருந்தது. நான் லாபியில் ஏணி போட்டு உச்சியில் பல்பு மாற்றிக்கொண்டிருந்தேன்.

கீழே விளையாட்டுச் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். பெட்டிக்கு முன்னால் அக்கா. நீல ஏப்ரனைக் கட்டி, துடைப்பானைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நின்றாள். செருப்பைக் கழற்றியிருந்தாள். விமானம் வழுக்கி வழுக்கிப் போனது. அந்த ரிசார்ட்டில் அதுவரை யாரும் அப்படி ஆடி நான் பார்க்கவில்லை.

ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் அம்மா வந்துவிட்டார். "ஏய், சேச்சி! கெஸ்ட் ஆடற சாதனத்துல கை வெக்காதீங்க."

அக்கா கையை எடுத்தாள். "இது எங்க வீட்டுல செஞ்சது மேடம்."

"நிங்கள்டே வீட்டிலோ?" அந்த அம்மா சிரித்துவிட்டு போர்டைக் காட்டினார். "கண்டில்லே? இது நம்ம எலக்ட்ரீஷியன் செஞ்சதாக்கும்." அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இவங்க உங்களுக்கு வேண்டப்பட்ட ஆளா?"

அக்காவும் நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான் அவள் என்னைக் கண்டாள்.

மேனேஜர் நாலு கெஸ்ட்டோடு ரிசப்ஷனில் நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் விழும் தூரம்தான். லிஸ்ட் அந்த வாரம் வரும் என்று சொல்லியிருந்தார். இதையெல்லாம் காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"தெரிஞ்சவங்க மேடம். எங்க லயத்துல இருக்காங்க."

அக்கா என்னையே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு போர்டைப் பார்த்தாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. போட்டோவைப் பார்க்கப் படிப்பு வேண்டாம். செருப்பை மாட்டிக்கொண்டு, "தெரியாமத் தொட்டுட்டேன் மேடம்" என்று சொல்லிவிட்டுத் துடைப்பானை எடுத்துக்கொண்டு போனாள். அவள் விட்டுப்போன விமானம் திரையில் தனியாக நின்று குண்டு வாங்கி வெடித்தது. நான் பல்பைத் திருகி முடித்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவள் எனக்கு முன்னால் வந்து சமைத்திருந்தாள். தட்டில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள். நான் சாப்பிடாமல், "அக்கா, மேனேஜர் அங்க நின்னாரு, அதான்..." என்று ஆரம்பித்தேன்.

"பெர்மனன்ட் ஆயிருச்சா?"

"இன்னும் இல்ல."

"ஆகட்டும்." குரலை உயர்த்தாமல் சொன்னாள். "நீ ஒண்ணும் பொய் சொல்லலடா. நான் உன்ன நல்லாத் தெரிஞ்சவதான்."

அதைப் பற்றி அதற்கு மேல் அன்றைக்கும் பேசவில்லை, பின்னாலும் பேசவில்லை. அவள் திட்டியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அந்த வழியைக்கூட அவள் எனக்கு விட்டுவைக்கவில்லை.

லிஸ்ட் வந்தது. அதில் என் பேர் இல்லை. மேனேஜர் எழுதி அனுப்பினாரா இல்லையா என்று கேட்பதற்குள் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. போகும்போது கை கொடுத்து, "நீ ஒரு ஆர்ட்டிஸ்ட்டாணு" என்றார். புதிதாக வந்தவருக்கு அந்த மூலை பிடிக்கவில்லை. அங்கே காப்பி மெஷின் வைத்தார்கள். பெட்டியை ஜெனரேட்டர் ஷெட்டுக்குத் தள்ளினார்கள். மானிட்டரைக் கழற்றிக் கேமரா பார்க்க செக்யூரிட்டி அறைக்குக் கொண்டுபோனார்கள். ஷெட்டில் ஒழுகும் தண்ணீரில் பிளைவுட் உப்பி, அக்கா தேய்த்து வழுவழுப்பாக்கிய விளிம்பெல்லாம் இதழ் இதழாகப் பிரிந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று ஸ்டோர் ஆபீசில் போய்க் கேட்டேன். அதன் பின்பக்கத்தில் ரிசார்ட்டின் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். "கம்பெனி சொத்து. கேட் பாஸ் இல்லாம வெளிய விட முடியாது" என்றார் ஸ்டோர்க்காரர்.

"இது என்னோடது சார்."

"அதுக்கு ஏதாவது பேப்பர் இருக்கா?"

அவர் கேட்டது நியாயம்தான். யாருடையது என்று நான் எங்கேயும் சொல்லி வைக்கவில்லையே. அந்த ஆபீசில் நிற்கும்போதும் 'என்னோடது' என்றுதானே சொன்னேன்.

அடுத்த மழைக்கு முன் பழைய மெத்தை, உடைந்த நாற்காலிகளோடு சேர்த்துக் காயலான் கடை லாரியில் அதையும் ஏற்றினார்கள். அன்றைக்கு டியூட்டி எனக்கு. ஒரு பக்கம் நான்தான் தூக்கினேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உடைந்த தகடு உட்பட. அவள் மறுநாள் வேலைக்கு எடுத்துப் போக வேண்டிய படுதாவின் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். "வேற ஒண்ணு செய்யலாம்க்கா. இந்தத் தடவ புது மரம் வாங்கி..." என்றேன்.

"வேணாம்" என்றாள். முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரேஷன் கார்டுக்கு உன் ஆதார் கேட்டாங்க. எடுத்து வை" என்றாள்.

எங்களுக்குள் சண்டை இல்லை. பார்க்கிறவர்களுக்கு அக்கா தம்பி ஒற்றுமையாகத்தான் இருக்கிறோம். காலையில் முதல் டீ எனக்குத்தான் வருகிறது. கேஸ், மழை, யானை எந்தப் பக்கம் நிற்கிறது, எல்லாம் பேசுகிறோம். அவள் மனசில் ஓடும் எதையும் மட்டும் என்னிடம் சொல்வதில்லை.

போன பங்குனியில் லயத்துக்குத் தண்ணீர் வராமல் போய்விட்டது. மேலே ஓடையில் இருக்கும் தண்ணீரைத் தோட்டத்துக்காரர்கள் லயத்துக்குத் திருப்பிவிடுவதாகச் சொல்லிச் சொல்லி இழுத்தடித்தார்கள். ஒருநாள் வேலை முடிந்து வருகிறேன், லயத்து முனையில் புதுக் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள். ஓடையிலிருந்து பைப் எந்தச் சரிவில் வர வேண்டும், எங்கே தொட்டி வைத்தால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் இறங்கும் என்று அக்கா ஒரு அட்டையில் வரைந்து கொடுத்திருக்கிறாள். மூன்று வாரமாக வேலை நடந்திருக்கிறது. பைப் இணைக்கச் சூரியநெல்லியிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வந்திருக்கிறார்கள். அந்த வேலையெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். அதே வீட்டில்தான் நானும் இருந்தேன்.

"யாருக்கா இதச் செஞ்சது?" என்று கேட்டேன்.

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "நாங்கதான்" என்றாள். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் வழியை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறேன் போல. "கொஞ்சம் தள்ளிக்கடா" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் தளும்பாமல் வீட்டுக்குள் போனாள்.